ஏழாம் நம்பர் ரயிலில் ஏறுங்கள்: குயின்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

நியூயார்க் நகரம் ஐந்து பெரும் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அங்கே இவற்றை ‘பரோ’ என்பார்கள். அவற்றில் பரப்பளவில் பெரியது குயின்ஸ். சுமார் 24 லட்சம் பேர் இருக்கிறார்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். 19 வருஷமாக எனக்கு அதுதான் ஊர். “அங்கே வந்தால் எதைப் பார்ப்பது?” என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

மகள் ஃப்ளஷிங்கில் இருக்கிறாள். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு மாதம் தங்கப் போகிறோம். அவள் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவாள். நாங்கள் இரண்டு பேரும் தனியாகவே போய்வருகிற மாதிரி, அதிகம் அலையாமல் பார்க்க என்ன இருக்கிறது? எல்லோரும் மன்ஹாட்டனை மட்டும்தான் சொல்கிறார்கள். (வாசகி, கும்பகோணம்)

அம்மா, மன்ஹாட்டனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு போய்வாருங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. மற்ற நாட்களுக்கு உங்களுக்கு ஏழாம் நம்பர் ரயில் போதும். ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்தான் அது புறப்படும் இடம், அதனால் உட்கார இடம் கிடைக்கும். ஊதா நிற வட்டத்துக்குள் 7 என்று போட்டிருந்தால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், சாய்சதுரத்துக்குள் போட்டிருந்தால் எக்ஸ்பிரஸ். நீங்கள் வட்டத்தில் ஏறுங்கள். இன்னொன்று, சீட்டுகள் சுவரோரம் நீளவாக்கில் இருக்கும், எதிர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். அதனால் ரயில் போகும் திசைக்கு வலப்பக்கம் உட்காருங்கள், இடப்பக்கம் இருப்பதெல்லாம் கண்ணுக்கு நேரே வரும்.

ரயில் கொஞ்ச நேரம் பூமிக்கடியில் போய்விட்டு வெளிச்சத்துக்கு வந்ததும் முதலில் டென்னிஸ் ஸ்டேடியம் தெரியும், யு.எஸ். ஓப்பன் நடக்கிற அதே இடம். அதற்கப்பால் எஃகில் செய்த பெரிய பூமி உருண்டை. அதற்குப் பிறகு ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு மேலே இரண்டாம் மாடி உயரத்தில் ரயில் போகும்போது, ஜன்னலுக்கு ஜன்னல் வீடுகளும் பல் டாக்டர் போர்டுகளும் வக்கீல் போர்டுகளும், ஒன்று ஸ்பானிஷில், ஒன்று வங்காளியில், ஒன்று கொரியனில் என்று வந்துகொண்டே இருக்கும். என் அம்மா வந்திருந்தபோது இறங்கவே மாட்டேன் என்றார். இரண்டு தடவை போய்த் திரும்பினோம், ஸ்டேஷனை விட்டு வெளியே வராதவரை ஒரே டிக்கெட்தானே.

நீங்கள் இறங்க வேண்டியது வெர்னன் ஜாக்சன் ஸ்டேஷன். அதற்கு முன்னால் குயின்ஸ்போரோ பிளாசா பக்கம் ரயில் வளைந்து திரும்பும்போது மன்ஹாட்டன் கட்டடங்கள் வரிசையாக வந்து நிற்கும், அதைத் தவற விடாதீர்கள். இறங்கி ஆற்றுப் பக்கமாக ஏழெட்டு நிமிஷம் நடந்தால் கேன்ட்ரி பிளாசா பூங்கா. சரக்கு ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றி இறக்கப் பயன்பட்ட இரண்டு பெரிய இரும்புத் தூக்கிகளை இடிக்காமல் அப்படியே விட்டு, சுற்றிலும் பூங்கா அமைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1940ல் வைத்த சிவப்பு பெப்சி போர்டு. அது பாட்டில் தொழிற்சாலைக் கூரையில் இருந்தது, ஆலை போய்விட்டது, போர்டை நகரத்தின் சின்னமாக அறிவித்து வைத்துக்கொண்டார்கள். எதிர்க்கரையில் நேரே ஐ.நா. கட்டடம். மாலை ஆறு ஆறரைக்கு மேல் போங்கள், சூரியன் மன்ஹாட்டனுக்குப் பின்னால்தான் இறங்கும். நல்ல பெஞ்சுகள் இருக்கின்றன, யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள்.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில்தான் அமெரிக்காவின் பழைய கோயில்களில் ஒன்று என்கிறார்கள். கோயிலைத் தவிர அந்தப் பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா? (வாசகர், மதுரை)

இருக்கிறது சார், அதை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நம்மவர்கள் காரில் வந்து, தரிசனம் முடித்து, தோசை சாப்பிட்டுவிட்டுக் காரிலேயே திரும்பிவிடுகிறார்கள். கோயில் இருக்கும் தெருவின் பெயர் பவுன் ஸ்ட்ரீட். அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது.

1650களில் இந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. கவர்னர் பீட்டர் ஸ்டைவஸன்ட் தன் சபையைத் தவிர வேறு வழிபாடு கூடாது என்றார், குறிப்பாக குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு வீட்டில் இடம் கொடுத்தால்கூட அபராதம். 1657 டிசம்பர் 27 அன்று ஃப்ளஷிங்வாசிகள் 30 பேர் கையெழுத்துப் போட்டு, இதை எங்களால் செய்ய முடியாது என்று ஒரு மனு அனுப்பினார்கள். அவர்கள் குவேக்கர்கள் அல்ல. அடுத்தவனுடைய வழிபாட்டுக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள். யூதர், துருக்கியர், எகிப்தியர் யாராக இருந்தாலும் அன்பு எல்லோருக்கும்தான் என்று அந்த மனுவில் எழுதினார்கள். பலன், மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தவருக்குச் சிறை.

அதற்குப் பிறகும் ஜான் பவுன் என்ற குடியானவர் தன் வீட்டில் குவேக்கர்களைக் கூட விட்டார். 1662ல் பிடித்தார்கள். அபராதம் கட்ட மாட்டேன் என்றார், ஹாலந்துக்கு நாடு கடத்தினார்கள். அங்கே போய், இந்தக் குடியேற்றத்தை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே வாதாடினார். 1663ல் கம்பெனி கவர்னருக்குக் கடிதம் எழுதியது, யாருடைய மனசாட்சியையும் தொந்தரவு செய்யாதே என்று. பவுன் ஊர் திரும்பினார். அவர் கட்டிய மர வீடு, 1661 வாக்கில் கட்டியது, இன்றைக்கும் அதே தெருவில் நிற்கிறது. குவேக்கர்கள் 1694ல் கட்டிய கூடமும் நார்த்தர்ன் புலவாரில் இருக்கிறது, இன்னும் அங்கே வழிபாடு நடக்கிறது.

அந்த வீட்டு வாசலில் ஆரம்பித்து பவுன் ஸ்ட்ரீட்டில் தெற்கே நடங்கள். சர்ச்சுகள் வரும், சுவாமிநாராயண் கோயில் வரும், நடுநடுவே சீனப் பாட்டிகள் தள்ளுவண்டியில் காய்கறி இழுத்துக்கொண்டு போவார்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மரக்கிளைகளுக்கு மேலே கோபுரம் தெரியும். செங்கல் வீடுகளுக்கு நடுவே அந்தக் கோபுரத்தை முதல் தடவை பார்த்த அன்றைக்கு நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். ஐ.நா. சபையில் வேலை பார்த்த அழகப்பா அழகப்பன் போன்றவர்கள் 1970ல் சங்கம் தொடங்கி, ஒரு ரஷ்ய சர்ச் இருந்த இடத்தை வாங்கி, 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் செய்தார்கள். ஜூலை 4 அமெரிக்காவின் சுதந்திர தினம். 2022ல் தெருவின் அந்தத் துண்டுக்கு கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள். இரண்டு போர்டும் ஒரே கம்பத்தில் இருக்கின்றன, கீழே நின்று பாருங்கள்.

உள்ளே மகா வல்லப கணபதி. குளிர்காலத்தில் போனால் கனமான சாக்ஸ் எடுத்துப் போங்கள், கருங்கல் தரை காலைக் கடிக்கும். தரிசனம் முடிந்து கீழ்த்தளத்தில் கேன்டீன். வரிசையில் நின்று சொல்லிவிட்டு எண்ணைக் கூப்பிடும்போது போய் வாங்க வேண்டும். சனி ஞாயிறு மதியம் நிற்க இடம் இருக்காது. உங்கள் மேஜைக்கு எதிரே ஒரு கொரியக் குடும்பம் மசால் தோசையைக் கையால் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் தூர ஊரிலிருந்து வந்த மாமி சட்னி கெட்டியாக இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

குயின்ஸ் விலாசங்களே புரியவில்லை. 45-57 என்றால் இரண்டு வீடா? (வாசகர், சேலம்)

ஒரே வீடுதான். கோட்டுக்கு முன்னால் இருப்பது பக்கத்துக் குறுக்குத் தெருவின் எண், பின்னால் இருப்பது கதவு எண். பிள்ளையார் கோயில் 45-57 பவுன் ஸ்ட்ரீட் என்றால் 45ஆம் அவென்யூ பக்கம். பவுன் வீடு 37-01, அதாவது 37ஆம் அவென்யூ முனை. இதை வைத்தே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். இன்னொன்று, 60ஆம் அவென்யூ, 60ஆம் ரோடு, 60ஆம் டிரைவ் எல்லாம் வேறு வேறு. அவென்யூ, ரோடு, டிரைவ் கிழக்கு மேற்காக ஓடும். ஸ்ட்ரீட், பிளேஸ், லேன் வடக்கு தெற்காக ஓடும். டாக்ஸியில் ஏறினால் கடைசி வார்த்தையை அழுத்திச் சொல்லுங்கள்.

பேரன் பேத்திக்கு 8, 11 வயது. அவர்களை எங்கே அழைத்துப் போகலாம்? (வாசகர், கோவை)

ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா. சாம்பல் கொட்டும் மேடாக இருந்த இடம், 1939 உலகக் கண்காட்சிக்காகச் சமப்படுத்தினார்கள், 1964ல் மறுபடி ஒரு கண்காட்சி. ரயிலில் பார்த்தீர்களே, அந்த உருண்டை 1964ல் வைத்தது, 140 அடி உயரம். கோடையில் சுற்றிலும் நீரூற்று பீய்ச்சும், குழந்தைகள் நனைந்துவிடுவார்கள், மாற்றுத்துணி எடுத்துப் போங்கள்.

உருண்டைக்குப் பக்கத்திலேயே குயின்ஸ் மியூசியம். அதற்குள் இருக்கும் ‘பனோரமா’வுக்காக மட்டுமே நான் பத்துத் தடவைக்கு மேல் போயிருக்கிறேன். நியூயார்க் நகரம் முழுவதையும், ஐந்து பரோவையும், பாலங்களையும், சுமார் 9 லட்சம் கட்டடங்களையும் 9,335 சதுர அடியில் பொம்மையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். 100 அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு. எம்பயர் ஸ்டேட் கட்டடம் ஒரு முழம்கூட வராது. சுற்றிலும் உயரமான நடைபாதை, அதில் மெல்ல நடந்துகொண்டே பார்க்க வேண்டும். விளக்கு மங்கி ராத்திரியாகும், பிறகு விடியும். விமான நிலையத்திலிருந்து கம்பியில் ஒரு குட்டி விமானம் கிளம்பும். 2001ல் விழுந்த இரட்டைக் கோபுரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. குழந்தைகளிடம் “நம்ம வீட்டைக் கண்டுபிடி” என்று சொல்லிவிடுங்கள், அரை மணி நேரம் சத்தமே வராது. நானே என் அபார்ட்மென்டை ரயில் பாதையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், அரிசி அளவில் இருந்தது.

அந்த மியூசியக் கட்டடத்தில்தான் 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியது. குழந்தைகளுக்கான யூனிசெஃப் அமைப்பைத் தொடங்கத் தீர்மானம் நிறைவேறியது இங்கேதான். 11 வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியும்.

பக்கத்தில் அறிவியல் மியூசியம், வாசலில் நிஜ ராக்கெட்டுகள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை சனிக்கிழமை ராத்திரிகளில் அதன் பின்னால் நைட் மார்க்கெட் நடக்கும், நடுவில் யு.எஸ். ஓப்பன் சமயத்தில் கொஞ்ச நாள் நிறுத்துவார்கள். பல நாட்டுச் சாப்பாடு, 5, 6 டாலருக்கு மேல் விலை வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு, அதனால் நாலைந்து கடையில் வாங்கிப் பகிர்ந்து சாப்பிடலாம்.

ஜாக்சன் ஹைட்ஸில் நம்ம ஊர்ச் சாமான் கிடைக்குமா? சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி உண்டா? (வாசகி, காரைக்குடி)

இரண்டுக்கும் குறைவில்லை. நான் குடியிருப்பதே அங்கேதான். 74ஆம் ஸ்ட்ரீட்டில் பட்டேல் பிரதர்ஸ் கடையில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். நகைக்கடை, புடவைக்கடை வரிசையாக இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு தெருவோடு திரும்பிவிடாதீர்கள். அடுத்த தெரு முழுக்க வங்காளதேசத்துக்காரர்கள், வெற்றிலை பாக்கு அங்கே வாங்கலாம். டைவர்சிட்டி பிளாசாவில் சாயங்காலம் வயசானவர்கள் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள், மொழி புரியாவிட்டாலும் நம்ம ஊர் டீக்கடை ஞாபகம் வரும். ரூஸ்வெல்ட் அவென்யூ பக்கம் வந்தால் திபெத்தியர், நேபாளியரின் மோமோ கடைகள். முட்டைக்கோஸோ உருளைக்கிழங்கோ வைத்தது கேளுங்கள், ‘வெஜ்’ என்றால் புரிந்துகொள்வார்கள், அந்தச் சிவப்புக் காரச் சட்னி நமக்குச் சரியாக இருக்கும்.

சாப்பிட்டபின் 34ஆம் அவென்யூவில் நடங்கள். 2020ல் 26 பிளாக் நீளத்துக்குப் பகலில் வண்டிகளை நிறுத்தி மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், குழந்தைகள் நடுத்தெருவில் சைக்கிள் பழகுவார்கள். திரும்பும்போது 35ஆம் அவென்யூவும் 81ஆம் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் தெருப் பெயர்ப் பலகையை அண்ணாந்து பாருங்கள், ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் ஒரு எண் இருக்கும். எழுத்துகளைச் சேர்த்து வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் இந்த ஊர்க்காரர், அந்த முனையில் உள்ள சர்ச்சில்தான் விளையாடிப் பார்த்தார்கள். அதற்குத்தான் அந்த மரியாதை.

லாகார்டியா விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: அங்கிருந்து ஜாக்சன் ஹைட்ஸ் ஸ்டேஷனுக்கு வரும் க்யூ 70 பஸ் இலவசம்.

கயானா நாட்டிலிருந்து வந்த தமிழ் வம்சாவளியினர் குயின்ஸில் இருக்கிறார்களாமே, உண்மையா? (வாசகர், நாகப்பட்டினம்)

உண்மைதான். ரிச்மண்ட் ஹில் பகுதியில் லிபர்ட்டி அவென்யூ. ‘ஏ’ ரயிலில் லெஃபர்ட்ஸ் புலவார் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் அந்தத் தெருவிலேயே கால் வைப்பீர்கள். தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவுக்கு 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் கப்பல் ஏறியவர்களின் பேரன், கொள்ளுப்பேரன்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள், ஒரு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள். பின்னவர்களை இன்றைக்கும் ‘மதராஸி’ என்பார்கள். மொழி போய்விட்டது. பெயரில் சாமி மட்டும் நிற்கிறது. வீராசாமி, முனுசாமி, ராமசாமி எல்லாம் அங்கே குடும்பப் பெயர்கள், ஆங்கிலத்தில் ‘ஸாமி’ என்று சொல்வார்கள்.

மாரியம்மன் வழிபாட்டை அவர்கள் விடவில்லை. ஒரு பூஜைக்கு என்னை அழைத்துப் போனார்கள். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், ‘தப்பு’ என்று நம் பெயராலேயே அழைக்கும் பறை. பூசாரி பாடிய பாட்டில் பாதி வார்த்தைகள் உருண்டு தேய்ந்திருந்தன, ஆனால் ‘மாரியம்மா’ என்று தெளிவாக வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்திலிருந்த பெரியம்மா என் கையைப் பிடித்து, “இது உங்கள் மொழிதானே, என்ன அர்த்தம் சொல்” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். அவர் ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

லிபர்ட்டி அவென்யூவில் ‘டபுள்ஸ்’ சாப்பிடுங்கள். டிரினிடாட் தின்பண்டம், எண்ணெயில் பொரித்த இரண்டு மெத்தென்ற ரொட்டி, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி. விசேஷ வீட்டுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், ‘செவன் கறி’ என்று ஏழு வகை மரக்கறி பரிமாறுவார்கள், அல்லி இலையில் போடுவது அவர்கள் ஊர் வழக்கம்.

இசைப் பிரியர்களுக்கு ஒரு இடம் சொல்லுங்கள். (வாசகர், சென்னை)

குயின்ஸில் கொரோனா என்ற பகுதியில் ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீடு. 1943லிருந்து 1971ல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். மனைவி லூசில் அவர் ஊரில் இல்லாதபோது வாங்கிய வீடு. முதல் தடவை டாக்ஸியில் வந்து இறங்கியவர், இது நம் வீடாக இருக்காது என்று டிரைவரைக் காத்திருக்கச் சொன்னாராம். எங்கேயும் மாளிகை வாங்கியிருக்கலாம், இந்தச் சாதாரணத் தெருவை விட்டுப் போகவில்லை. நீல நிறச் சமையலறை பளபளவென்று இருக்கிறது. வீட்டில் பேசியதையெல்லாம் அவர் டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார், சுற்றிக்காட்டும்போது அதை ஓடவிடுவார்கள். அந்தக் கரகரத்த குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருக்கும். ஒரு தடவைக்குச் சிலரைத்தான் உள்ளே விடுவார்கள், அதனால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

எந்த மாதத்தில் வந்தால் நல்லது? கடல் பக்கம் ஏதாவது உண்டா? (வாசகி, தூத்துக்குடி)

மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி வந்தால் ஃப்ளஷிங் தெருக்களில் பிள்ளையார் ஊர்வலம் பார்க்கலாம், நாதஸ்வரத்துக்குச் சீனக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

கடலுக்கு ‘ஏ’ ரயிலில் ராக்கவே போங்கள். அதற்கு முன்னால் பிராட் சேனல் ஸ்டேஷனில் இறங்கினால் ஜமைக்கா பே பறவைகள் சரணாலயம். ரயில் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியத் தெரியப் போகும், பாம்பன் பாலம் ஞாபகம் வரும். சரணாலயத்தில் குளத்தைச் சுற்றி மண்பாதை, கோடையில் விரால் அடிப்பான் பருந்துகள் கம்பத்தின் மேல் கூடு கட்டியிருக்கும், பைனாகுலர் இருந்தால் குஞ்சுகளைப் பார்க்கலாம். இந்த விரிகுடாவை கங்கையாக நினைத்துப் பூவும் தேங்காயும் விடும் வழக்கம் கயானா மக்களிடம் இருக்கிறது. பறவைகளுக்கும் மீன்களுக்கும் கேடு என்பதால் கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போகச் சொல்லிப் பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. அப்படியே செய்யும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், பூஜை முடிந்ததும் ஒரு பையன் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு சாமந்தியாகப் பொறுக்கி வாளியில் போடுவான். காற்று பலமாக அடிக்கும், அக்டோபரில் வந்தால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.